கால் அணா கடுதாசியும் ஒரு பைசாப் பத்திரிகையும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துப் பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. துரைமார்களின் பங்களா, கிளப், குளிர்ந்த காற்று. இவ்வளவுதான் வரலாறு. அந்த ஆழத்தில் இறங்கியவன் யார்? எந்தச் சேரியிலிருந்து வந்தான்? இரவு ஷிப்டு முடிந்து வந்து என்ன படித்தான், என்ன பேசினான்? இதைக் கேட்டால் 'கூலிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு சொல்லை ஒப்புக்கொள்ளாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் என் பெரியப்பா. அவர் பேராசிரியர் இல்லை, எட்டாவது வரை படித்தவர். 1931இல் சாம்பியன் ரீஃப் லைனில், ஒரு தட்டி வீட்டில் பிறந்தார். 1951இல் தந்தி கொண்டுபோகும் ஆளாகத் தபால் துறையில் சேர்ந்து, பிறகு தபால்காரராகி, 1989இல் ஓய்வுபெற்றார். 2019இல் இறந்தார். வயது 88. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. "என் பேரு இன்னாத்துக்கு? கடுதாசில தபால்காரன் பேரு கீதா?" என்று உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட்டார்.

அவர் என்ன எழுதிவைத்தார், எதை எழுதாமல் விட்டார், அதனால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

தங்கவயலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிச் சேரிகளிலிருந்து வந்த நம் மக்கள். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதை போட்டார்கள். சுரங்க வேலைக்காகப் போட்ட பாதை அது. ஆனால் அதே ரயிலில்தான் நம் ஆட்கள் வந்தார்கள், அதே ரயிலில்தான் தபால் பையும் வந்தது. பெரியப்பா இதை அழுத்திச் சொல்வார். "ஆளு வந்த வண்டிலயே கடுதாசியும் வந்துது. அத மறந்துட்டு எய்தக்கூடாது."

கடுதாசி வந்தது என்பதில் என்ன பெரிய சங்கதி என்று கேட்கலாம். என் பாட்டி குடியாத்தம் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். அவள் சொன்னதைக் கேளுங்கள். தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். ஊர்த் தெருவிலேயே நின்றுவிடுவார். யாராவது மாடு மேய்க்கிற பையன் கையில் கொடுத்தனுப்புவார், இல்லையென்றால் நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். தங்கவயலிலிருந்து மணியார்டர் வந்தால் இன்னும் மோசம். திண்ணைக்குக் கீழே, தெருவில் நின்று இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். வாங்கின கையோடு பழைய கடனுக்கென்று நிலக்காரர் பாதியை எடுத்துக்கொள்வார். பூமிக்கு அடியில் புருஷன் சம்பாதித்த காசு, பூமிக்கு மேலே இருந்த பெண்சாதி கைக்கு வருவதற்குள் பாதியாகிவிடும்.

தங்கவயல் லைனில் அப்படி இல்லை. அங்கே தபால்காரர் தட்டி வீட்டு வாசல் வரை வந்தார். லைன் பெயர், வீட்டு நம்பர், ஆள் பெயர் மூன்றும் உறைமேல் இருந்தன. 'இன்னார் பண்ணையாள்' என்று இன்னொருவன் பெயருக்குக் கீழே ஒண்டியிருந்தவனுக்கு, முதன்முறையாகத் தன் பெயருக்கென்று ஒரு விலாசம் கிடைத்தது. தங்கவயலில் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மேஸ்திரி, கங்காணி, குமாஸ்தா என்று அங்கேயும் அது உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் விலாசம் வந்தது. விலாசம் வந்தவன் பத்திரிகை வரவழைத்தான்.

இங்கேதான் பெரியப்பா கண்டுபிடித்த ஒரு கணக்கு வருகிறது. நான் படித்த புத்தகம் எதிலும் அதைப் பார்த்ததில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19ஆம் தேதி, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறையும் வரை அவருடைய எழுத்து வாராவாரம் அதில் வந்துகொண்டிருந்தது. ஏன் ஒரு பைசா? ஏழைகள் வாங்க வேண்டும் என்பதற்காக என்று எல்லோரும் எழுதுகிறோம். பெரியப்பா சொன்னார்: "ஏழைக்குன்னு சொல்றது சரிதான். ஆனா ஒரு பைசான்னா எவ்ளோ? அணாக்கு நாலு பைசா. அப்போ ஒரு பைசான்னா கால் அணா. 1879ல கார்டு வந்ததுலேர்ந்து 1922 வரைக்கும் ஒரு கார்டு வெல இன்னா? கால் அணா. அப்ப பண்டிதர் பத்திரிகையும் ஒரு கார்டும் ஒரே வெலதானே?"

நான் வாயடைத்துப் போனேன். தபால் கட்டணத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும். ஊரிலிருக்கும் தாய்க்கு 'நான் சுகம்' என்று ஒரு வரி எழுதிப் போட ஆகும் காசு எவ்வளவோ, அவ்வளவுதான் 'நீ யார், உன் பூர்வீகம் என்ன' என்று சொல்லும் பத்திரிகையின் காசு. பண்டிதர் இதை எண்ணித்தான் விலை வைத்தார் என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. பெரியப்பாவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வாங்கியவன் மனசில் இந்த ஒப்பீடு ஓடாமலா இருந்திருக்கும்?

1907லேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வந்துவிட்டது. பிறகு சாம்பியன் ரீஃபிலும் வந்தது. பெங்களூர், ஹூப்ளி, செகந்தராபாத், ரங்கூன், டர்பன் என்று நம் மக்கள் கூலிக்கும் பட்டாளத்துக்கும் போன இடங்களில் சங்கக் கிளைகள் இருந்தன. இவற்றையெல்லாம் இணைத்தது எது? மடம் இல்லை, கோயில் இல்லை, தேர் இல்லை, திருவிழா இல்லை. தபால்தான் இணைத்தது. 1926இல் ஜி.அப்பாதுரையார் 'தமிழ'னை மறுபடியும் தொடங்கியபோது, அது சென்னையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்தே வந்தது. பண்டிதரின் நூல்களையும் சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலில் அச்சிட்டது. முன்பு ராயப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குப் பத்திரிகை வந்தது; இப்போது தங்கவயலிலிருந்து வெளியூர்களுக்குப் போனது. கல்லை உடைத்தவர்கள் அச்சுக்கும் காசு கொடுத்தார்கள். இதை 'கூலிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடக்குவீர்கள்?

பெரியப்பாவின் அப்பா 1926க்குப் பிந்தைய 'தமிழன்' இதழ்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தாராம். தட்டி வீட்டில் மழை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டது. அந்த மனுஷனும் நெஞ்சில் கல்தூசி அடைத்து இருமி இருமி 1944இல் செத்துப்போனார். 1940களில் தங்கவயலில் நடந்த மருத்துவச் சோதனையில், பார்க்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. பத்திரிகையும் போயிற்று, படித்தவரும் போனார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இந்த இரண்டும் ஒரே இழவாகத் தெரிந்திருக்கிறது. "அன்னிலேர்ந்துதான் எய்தி வைக்கணும்னு ஒரு வெறி" என்பார்.

முதல் நோட்டு 1956 டிசம்பர் 7ஆம் தேதியில் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் பாபாசாகேப் அம்பேத்கர் டெல்லியில் மறைந்தார். அன்று எந்த லைனில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். தலைவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டு நம்பர்கள்தான் வரிசையாக இருக்கின்றன. தபால்காரர் வேறு எப்படி எழுதுவார்?

பிறகு வந்த நோட்டுகளும் அப்படித்தான். எந்த லைனில் வாசகசாலை இருந்தது, அதற்கு என்ன பத்திரிகைகள் வந்தன, எந்த வருஷம் நின்றுபோயின. எந்த ஏர்பிளாஸ்டில் யார் யார் செத்தார்கள். (பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவதைத் தங்கவயலில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். உருண்டதும் பெண்கள் ஷாஃப்டு வாசலுக்கு ஓடுவார்கள்.) 1956இல் சுரங்கம் மைசூர் அரசிடம் போனது, 1962இல் மத்திய அரசிடம் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விலாசத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று குறித்திருக்கிறார். ஒரு பக்கத்தின் கீழே, 'போர்டு மாறிச்சு. லைன் மாறல' என்று ஒரு வரி.

அவர் தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். உறைக்கு வெளியே இருப்பதை மட்டும் எழுதுவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களைப் படித்துக் காட்டியவர் அவர். பதில் எழுதிக் கொடுத்தவர். எந்த வீட்டில் என்ன அழுகை என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. அதில் ஒரு எழுத்தும் நோட்டில் இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது சண்டையே போட்டிருக்கிறேன்.

"அதுதான் பெரீப்பா உண்மையான சரித்திரம். அத எழுதாம வூட்டு நம்பர எழுதி இன்னா பிரயோஜனம்?"

"அது அவங்களுது. அவங்களே சொன்னா எய்து. நான் சொன்னா அது கோள்."

இன்றைக்கும் எனக்கு இதில் இரண்டு மனசுதான். அவரோடு எத்தனையோ பேருடைய வாழ்வு மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் நம் மக்களின் ரகசியத்தை நம்மவர் ஒருவரே எடுத்து விற்காமல் காத்தார் என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்னொரு சண்டையும் உண்டு. அது பெரியம்மா போட்டது. ஒருநாள் நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். அவர் நாலு பக்கம் படித்தார். அவள் கேட்டாள்: "இத்தினி பேரு சொன்னியே, அதுல ஒரு பொம்பள பேரு கீதா? கல்லு பொறுக்கினவ எங்க அம்மா. அவ எங்க?"

பெரியப்பா திகைத்துவிட்டார். காரணம் லேசானதுதான். தபால் ஆண்கள் பெயருக்கு வந்தது. அவர் தபாலைப் பார்த்து எழுதினார். அதனால் நோட்டிலும் ஆண்கள்தான் வந்தார்கள். நம்மை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று அவர்கள்மேல் கோபப்படுகிறோமே, நம் நோட்டிலேயே பாதிப் பேரை விட்டிருக்கிறோமே? அதற்குப் பிறகு பெரியம்மா சொல்லச் சொல்ல இரண்டு தனி நோட்டு எழுதினார். சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கிய பெண்கள், இட்லி சுட்டு விற்றவர்கள், சாவுத் தந்தி வந்த அன்றே லைன் வீட்டை எப்போது காலி செய்வாய் என்று கேட்கப்பட்டவர்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டும்தான் எல்லாவற்றிலும் சிறந்தவை.

அந்த நோட்டில்தான் பெருவிரலைப் பற்றிய பக்கம் இருக்கிறது. 1930இல், தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் சொன்னது. குற்றவாளியைப் போல ரேகை வைக்கமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்கவயல் போராட்டங்களில் அது பெரியது. இதைப் பெரியம்மாவுக்குச் சொன்னபோது அவள் சிரித்தாளாம். "ஆம்பளைங்க ரேக வெக்கமாட்டேன்னு சண்ட போட்டாங்க. ஊர்ல எங்க அத்த மாசாமாசம் மணியார்டர் பாரத்துல ரேக வெச்சாளே. அந்த ரேகைக்குக் காசு வந்துது. ஆனா அந்தக் காசு எங்க போச்சுன்னு எவன் கேட்டான்?"

ஒரே பெருவிரல்தான். சுரங்க வாசலில் அதை நீட்டச் சொன்னது அவமானம். ஊர்த் திண்ணைக்குக் கீழே நின்று நீட்டியதும் அவமானம். முன்னது வேலைநிறுத்தமாகி வரலாற்றில் ஏறியது. பின்னதற்கு இந்த நோட்டைத் தவிர இடமில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு தங்கவயல் விடியற்காலையில் பெங்களூர் ரயிலில் ஏறி இரவில் திரும்பும் ஊராகிவிட்டது. கட்டட வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை. பலர் திரும்பவேயில்லை. பெரியப்பா ஓய்வுபெற்று 12 ஆண்டு ஆகியும் யார் எங்கே போனார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். வீடு மாறியவர்களின் புது விலாசத்தைக் குறித்துவைப்பது தபால்காரரின் பழக்கம். அது அவரை விடவில்லை. ஒரு நோட்டு முழுக்கப் பழைய லைன் நம்பரும் புது விலாசமும்தான். சில பெயர்களுக்கு எதிரே 'தெரியல' என்று மட்டும் இருக்கும்.

2002இல் ஒரு விதவை அவரைத் தேடி வந்தாள். புருஷன் சுரங்கத்தில் அடிபட்டுச் செத்தவன். ஒரு நிலுவைத் தொகைக்கு மனு போட வேண்டும். காகிதமெல்லாம் தொலைந்துவிட்டன. செத்த வருஷமே நிச்சயமாகத் தெரியவில்லை. "மூணாவது புள்ள வயித்துல இருந்தப்ப" என்றாள். பெரியப்பா நோட்டைப் புரட்டினார். சாவுத் தந்தி கொடுக்க அவர்தான் படிவம் எழுதியிருக்கிறார். 1978, மாதம், தேதி, லைன் நம்பர் எல்லாம் இருந்தன. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் நோட்டைத் தொடக்கூட இல்லை. "இது நீங்களே எழுதினது. இது சாட்சி ஆகாது" என்றார்.

பெரியப்பா கோபப்படவில்லை. "சாட்சி ஆகாது, சரி. தேதி ஆவும் இல்ல? அந்தத் தேதிய வெச்சு உங்க புஸ்தகத்தப் பாருங்க" என்றார். வேண்டாவெறுப்பாக எடுத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் பதிவு கிடைத்துவிட்டது. பணம் கைக்கு வர இரண்டு வருஷமானது வேறு கதை. ஆனால் வந்தது.

அன்றைக்குத்தான் அவருடைய நோட்டு எதற்கு என்று எனக்கு விளங்கியது. அவர்களுடைய புத்தகத்திலும் நாம் இருக்கிறோம். ஆயிரம் பக்கத்துக்கு நடுவே, தேட முடியாத இடத்தில் இருக்கிறோம். எந்தப் பக்கம் என்று சொல்ல நம் கையில் ஒரு நோட்டு இருந்தால், அவர்கள் திறந்துதான் ஆக வேண்டும். நோட்டு இல்லையென்றால் 'ரிக்கார்டு இல்லை' என்ற ஒரே பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

'தமிழன்' இதழ்களுக்கும் இதுதான் நடந்தது. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்திருக்காவிட்டால் 1999இல் ஞான.அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைக'ளைத் தொகுத்திருக்க முடியுமா? பாளையங்கோட்டையிலிருந்து வந்த அந்தத் தொகுதிகளை வாங்கிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். மாரிக்குப்பம் என்ற பெயர் வரும் பக்கங்களிலெல்லாம் துண்டுச்சீட்டு வைத்தார். கூழாகிப்போன அப்பாவின் கட்டு ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது என்றார். விலாசதாரருக்குச் சேர எழுபது வருஷம் தாமதமான தபால்.

2000இல் ரெட்டமலை சீனிவாசனுக்கும் 2005இல் அயோத்திதாசருக்கும் தபால்தலை வந்தபோது அவர் தபால் நிலையத்துக்கு நடந்தே போய் வாங்கிவந்தார். ஒன்றைக்கூட உறையில் ஒட்டவில்லை. "ஒட்டுனா மேல முத்திர அடிப்பான். நான் எத்தினியோ பேரு மூஞ்சில அடிச்சிருக்கேன். இவங்க மேல வாணாம்" என்று நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

அவர் எழுதியது மொத்தம் 23 நோட்டு. இப்போது என்னிடம் இருப்பது 17. மீதி ஆறும், அவர் படுக்கையில் கிடந்தபோது வீடு ஒழித்தவர்கள் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதற்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வெளியூரில் உட்கார்ந்து வரலாற்றைப் பற்றிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். போன ஆறில் ஒன்று 1960களின் வாசகசாலைக் கணக்கு. அதை இனி யாரும் எழுத முடியாது.

மிச்சத்தைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிவருகிறது. இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். ரயில்வேயில், பட்டாளத்தில், நகராட்சியில், தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கூட ஒரு கிழவி இருப்பாள், அவளிடம் பெட்டி இருக்காது, சொல் இருக்கும். கூட்டத்துக்குப் போகும் முன்னால் ஒருநாள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். தேதியைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதுங்கள்.

பெரியப்பாவின் கடைசி நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அதில் தொடர்ந்து எழுதுகிறேன். நான் எழுதிய முதல் வரி அவர் இறந்த தேதியும், அவர் வீட்டு லைன் நம்பரும்.